என்.எம்.எம்.எஸ். தேர்வு: பெற்றோரின் பதற்றம் எங்கே மார்க்கைத் தின்கிறது?

எட்டாம் வகுப்புப் பிள்ளை என்.எம்.எம்.எஸ். எனும் மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வை எழுதுகிறது என்றால், பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் பல வீடுகளில் தூக்கம் கெடுவது பெற்றோருக்குத்தான். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பதற்றம் வரத்தான் செய்யும். அதைப் பிள்ளை தலையில் இறக்கும்போதுதான் வினை.

"ஒண்ணுகூடத் தப்பாப் போடாதே" என்று சொல்லி அனுப்புவது முதல் தவறு. முதலில் வரும் மனத்திறன் தாளில் 90 கேள்வி, 90 நிமிடம். தப்புக்குப் பயந்த பிள்ளை ஒரு கண்ணாடி பிம்பக் கேள்வியிலேயே நாலு நிமிடம் உட்கார்ந்துவிடும். கடைசிப் பக்கத்தைத் திருப்புவதற்குள் மணி அடித்துவிடும். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. ஆகவே, தெரியாததைத் தாண்டிப் போ, கடைசி ஐந்து நிமிடத்தில் காலி வட்டங்களை நிரப்பு என்று பழக்குங்கள். தாண்டும்போது, வட்டத்தைக் கருப்படித்து விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். தாளிலும் அந்த வரியைத் தாண்ட வேண்டும். 34ஐ விட்டுவிட்டு 35க்கான விடையை 34இல் கருப்படித்தால், அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரி பிசகும். மாதிரி ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுத்து, கடிகாரம் வைத்து வீட்டிலேயே நிரப்பவிடுங்கள்.

மிக மோசமான தவறு இடைவேளையில் நடக்கிறது. இரண்டாவதான படிப்புத்திறன் தாளுக்கு முன் கிடைக்கும் நேரத்தில் கேட்டருகே நிறுத்தி, "எத்தனை கரெக்ட்டு? அவன் எத்தனை போட்டானாம்?" என்று கேட்பார்கள். முடிந்த தாளை இனி யாரும் மாற்ற முடியாது. அடுத்த 90 கேள்விதான் கெடும். தண்ணீர் கொடுங்கள், கழிப்பறைக்கு அனுப்புங்கள், போதும்.

சான்றிதழை இழுத்தடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் வீட்டையே ரெண்டாக்குவதும் உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பள்ளிப் பதிவேடு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றா என்று பாருங்கள். அப்பா ஓசூரில் வேலை, பிள்ளை பாட்டி வீட்டில் என்றால், ஓ.டி.பி. யார் போனுக்கு வரும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

ரிசல்ட் நாளில் பாஸையும் தேர்வாவதையும் குழப்பிக்கொண்டு திட்டாதீர்கள். தமிழ்நாடு முழுமைக்கும் 6,695 இடம்தான். பாஸ் மார்க் வாங்கியும் பலருக்குக் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. அதில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். இப்போது படித்த பாடம் அதற்கும் உதவும்.