சோழகத்தில் படகேற வரும் சொந்தங்களுக்கு

ஆடி, ஆவணியில்தான் வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊருக்கு வருவார்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அப்போதுதான். வந்த இரண்டாம் நாளே, "மாமா, படகில ஒரு சுற்றுப் போவமா?" என்று கேள்வி வந்துவிடும். அந்த மாதங்களில் முல்லைத்தீவுக் கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கைக்குழந்தையையும் ஏற்றலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முப்பது வருடமாக மீன்பிடித் தொழிலுக்குப் போகிற எனக்கு அந்தக் கடலில்தான் பயம் அதிகம். மாரியில் கடலின் கோபம் கரையிலேயே தெரியும், ஒருவரும் இறங்க மாட்டார்கள். சோழகத்தில் அது தெரியாது. சோழகம் தென்மேற்கிலிருந்து தரையைத் தாண்டி வருகிற காற்று. எங்கள் கரை வடகிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. அதனால் கரைக்குக் கிட்ட அலை எழும்பாது, ஆனால் காற்றின் தள்ளு முழுக்க வெளியேதான். எஞ்சின் நின்ற படகு கரை ஒதுங்காது, வங்காள விரிகுடாவுக்குப் போகும். அதே நாளில் மேற்கே மன்னார்க் கடலில் காற்று நேரே கரைக்கு அடிக்கும். அங்கே உல்லாசப் பயணம் போக யாருக்கும் ஆசை வராது.

ஆகவே காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு, காற்று ஏறுவதற்குள், ஒன்பது, ஒன்பதரைக்குக் கரையில் நிற்க வேண்டும். "சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் போவம்" என்பவர்களை நான் ஏற்றுவதில்லை.

எஞ்சின் நின்றால் எல்லாரும் கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணத்தான் பார்ப்பார்கள். இருபது தரம் இழுப்பதற்குள் காற்று உங்களைத் தூரக் கொண்டுபோய்விடும். முதல் வேலை நங்கூரத்தைப் போடுவது. பிறகு எஞ்சினைப் பாருங்கள். கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது வேண்டும். மூன்று பாகத் தண்ணீருக்குப் பதினைந்து பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையும் விரித்த நீளம், ஆறு அடி). கயிறு நேரே கீழே நின்றால் நங்கூரம் மண்ணைப் பிடிக்காது, உழுதுகொண்டே போகும். கயிற்றின் மறு நுனி படகில் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், கட்டாமல் எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

எஞ்சின் நிற்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டாம். இங்கே பல படகுகள் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றாவிட்டால் பிறகு எஞ்சின் முரண்டு பிடிக்கும். நடுக்கடலில் படம் எடுக்க எஞ்சினை நிறுத்தச் சொல்வதற்கு முன், போத்தலில் பெற்றோல் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க. காற்றை எதிர்த்துத் திரும்பும்போது கூடுதலாகக் குடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

லைஃப் ஜக்கெற் இருக்கிறதா என்று கேட்டால் எந்தப் படகுக்காரரும் "இருக்கு" என்பார். எங்கே என்று கேளுங்கள். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், வலைக்குக் கீழே, சொப்பிங் பையில் முடிச்சுப் போட்டு இருக்கும். இல்லையென்றால் யாராவது அதன்மேல் குந்தியிருப்பார்கள். படகு கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் அதைப் போடுவது நல்ல நீச்சல்காரனுக்கே பாடு. கரையிலேயே போட்டு, எல்லாப் பூட்டையும் பூட்டி, ஒருவர் பின்னால் நின்று தோளில் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவில்லை. பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையால் போகும் பட்டி இல்லாததைப் போடவே வேண்டாம், தண்ணீரில் பிள்ளை கீழே போகும், ஜக்கெற் மேலே வரும். உள்ளே ஒட்டிய துணித்துண்டில் 50, 100, 150 என்று ஓர் எண் இருக்கும். அது மிதப்பு விசை, நியூட்டனில். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, அதுவும் உதவி பக்கத்தில் உள்ள இடத்தில். நீந்தத் தெரியாதவருக்கும் பிள்ளைகளுக்கும் 100க்குக் குறையக் கூடாது.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். என் மருமகன் ரொறன்ரோவில் இருக்கிறான். கனடாவில் எஞ்சின் பூட்டிய உல்லாசப் படகு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் 2009 செப்டெம்பரிலிருந்து தகுதி அட்டை வைத்திருக்க வேண்டும். அவன் பரீட்சை எழுதி எடுத்தவன். என் படகில் ஏறியதும் முதலில் கேட்டது, "மாமா, அந்தச் சிவப்புக் கயிறு எங்க?" எஞ்சினை நிறுத்தும் கயிறு அது. ஒரு நுனி எஞ்சினில், மறு நுனி ஓட்டுகிறவர் கையில். ஆள் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். நான் கயிற்று நுனியில் இருக்கும் கிளிப்பை எஞ்சினிலேயே நிரந்தரமாகக் கட்டிவிட்டுக் கயிற்றை வீட்டில் ஆணியில் கொழுவியிருந்தேன். தொழிலில் கைக்குத் தடங்கல் என்று.

அவனுக்கு நான் சொல்லாதது ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, தனியாக வரும்போது வலையை ஒதுக்க எழும்பி, ஓர் அலையில் தடுமாறி விழுந்தேன். பிடி விட்ட எஞ்சின் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும், படகு வட்டமடிக்கும். அந்த வட்டத்துக்குள் நான். மூன்று தரம் என் தலைக்கு மேலால் போனது, மூன்று தரமும் சுழியோடினேன். நாலாவது வட்டத்தில் மணல்திட்டில் ஏறி நின்றது. இப்போது கயிறு ஆணியில் இல்லை.

படகில் ஏறிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குந்தியிருங்கள். 18 அடிப் படகில் ஓட்டுபவரோடு ஆறு பேர், அதுதான் என் கணக்கு. கொக்கிளாய்க் களப்பில் பூநாரைகளைக் கண்டதும் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கம் எழும்புவார்கள். படகு கவிழ்வது அப்போதுதான். பியர் கரையில் இருக்கட்டும். சிறுநீர் கழிக்க விளிம்பில் நிற்கிற வேலையும் வேண்டாம், அதற்கு ஒரு வாளி போதும்.

களப்புதானே, இடுப்பளவுத் தண்ணீர்தானே என்பார்கள். நந்திக்கடலிலும் நாயாற்றிலும் பல இடங்களில் உண்மைதான். ஆனால் அடி சேறு, கால் புதைந்தால் இடுப்பளவே கழுத்தளவு. மழைக்குப் பிறகு களப்பு கடலோடு சேரும் வாய் வெட்டுப்பட்டால் களப்புத் தண்ணீர் கடலுக்கு இழுக்கும், அந்தப் பக்கமே போகக் கூடாது. (போரின் கடைசி நாட்களை நினைத்தால் நந்திக்கடலில் உல்லாசமாகப் போக எங்களில் பலருக்கு மனம் வராது. கேட்டால் மறுக்கிறவரை வற்புறுத்தாதீர்கள்.) இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களில் அலை சிறிது, தொல்லை வேறு. தண்ணீருக்குள் பட்ட மரக்கட்டைகள், புரொப்பெல்லரில் சுற்றும் மீன்வலைகள், முதலை. குளம் நிரம்பி வான் பாய்கிற நாளில் வான்கதவுப் பக்கம் எட்டியும் பார்க்க வேண்டாம்.

கவிழ்ந்துவிட்டால் படகை விடாதீர்கள். கரை கிட்டத் தெரியும், ஆனால் சோழகத்தை எதிர்த்து நீந்தி வர எனக்கே முடியாது. மிதக்கிற படகு தூரத்திலிருந்து தெரியும், தனித் தலை தெரியாது. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். ஆபத்து என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் சைகை. ஒரு கையை ஆட்டினால் நாங்கள் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவோம்.

வெளிக்கிடும்போது வாடியில் (கரையிலுள்ள மீனவர் கொட்டிலில்) ஒருவரிடம் சொல்லுங்கள்: எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் பொலிஸுக்கு 119க்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117க்கோ அடி என்று. போனைக் காற்றுப் புகாத பொலித்தீனில் கட்டுங்கள். திரும்பியதும் அதே ஆளிடம் போய் "வந்திட்டம்" என்று சொல்லுங்கள். ஒருமுறை நாங்கள் சொல்லாமல் நேரே சாப்பிடப் போய்விட்டோம். இரண்டு படகுகள் மத்தியானம் வரை எங்களைத் தேடின. அந்த மண்ணெண்ணெய்க்குக் காசு நான்தான் கொடுத்தேன், வாங்கின ஏச்சுக்குக் கணக்கில்லை.