பழைய கம்ப்யூட்டரில் பிரிண்டர் டிரைவர் கோளாறு: சிக்கலைப் பெரிதாக்கும் தவறுகள்

பிரிண்டர் நின்றுபோனதும் பலரும் முதலில் செய்வது டிரைவரை (கம்ப்யூட்டர் பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருளை) மறுபடி இன்ஸ்டால் செய்வது. பலிக்காவிட்டால் இன்னொரு முறை. அப்புறம் வேறொரு பதிப்பு, வேறொரு தளத்திலிருந்து இன்னொன்று. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய டிரைவர்கள்தான் பழைய விண்டோஸில் பெரிய தலைவலி. பழையதை முழுவதுமாகத் துடைத்துவிட்டு, பொருத்தமான ஒன்றை ஒரே முறை போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதற்கும் முன்னால், கோளாறு டிரைவரில்தானா என்று பாருங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, பிரிண்டரிலேயே உள்ள பட்டனை அழுத்திச் சோதனைப் பக்கம் எடுங்கள் (எந்தப் பட்டன் என்பது கையேட்டில் இருக்கும்). அதுவே கோடு கோடாகவோ வெள்ளையாகவோ வந்தால், எத்தனை டிரைவர் மாற்றினாலும் பயனில்லை. பக்கம் சுத்தமாக வந்தால் அடுத்துக் கேபிள். 3 மீட்டருக்குள் இருக்கட்டும். யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகாமல் நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். பழைய பிரிண்டர்கள் சில நீல நிற 3.0 போர்ட்டில் அடம்பிடிக்கும். கறுப்பு நிற 2.0 போர்ட்டில் போட்டுப் பாருங்கள். பிரிண்ட் வரிசை ஜன்னலைத் திறந்து, 'யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்' என்பதில் டிக் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒரு டிக்குக்காக டிரைவரையே அழித்தவர்கள் நிறைய.

32 பிட்டா 64 பிட்டா என்று பார்க்காமல் டவுன்லோட் செய்வது அடுத்த தவறு. 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவர் ஏறாது; மாற்றிப் போட்டாலும் அதே கதைதான். இதில் ஒரு குழப்பம் உண்டு. விண்டோஸ் 10-இல் 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம், பிராசசர் இரண்டும் சேர்ந்தே வரும். பழைய கம்ப்யூட்டர்களில் 64 பிட் பிராசசர்மேல் 32 பிட் விண்டோஸ் ஓடுவது சகஜம். பிராசசரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கணக்கில் எடுக்க வேண்டியது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மட்டுமே. மாடல் எண்ணையும் பிரிண்டரில் ஒட்டியுள்ள லேபிளிலிருந்து எழுத்துக்கு எழுத்து எடுங்கள். கடைசியில் ஒரே ஒரு எழுத்து வேறுபட்டாலும் அது வேறு இயந்திரமாக இருக்கலாம்.

இனி முக்கியமான விஷயம். கண்ட்ரோல் பேனலில் பிரிண்டர் ஐகானை நீக்கினால் டிரைவர் போய்விட்டது என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. போவது ஐகான் மட்டும். டிரைவர் பொதியின் ஒரு பிரதியை விண்டோஸ் 'டிரைவர்ஸ்டோர்' என்ற ஃபோல்டரில் பத்திரமாக வைத்திருக்கிறது. கேபிளை மறுபடி செருகியதும், கெட்டுப்போன அதே பிரதியை எடுத்துப் போட்டுக்கொள்ளும். நீங்களோ புதிதாகப் போட்டும் ஏன் மாறவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

முழுமையாக நீக்க, முதலில் கேபிளைக் கழற்றிவிட்டு பிரிண்டரையும் அணையுங்கள். 'சர்வீசஸ்' ஜன்னலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' (பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் விண்டோஸ் சேவை) மீது ரைட் கிளிக் செய்து 'ஸ்டாப்' கொடுங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய், உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். தேங்கிக் கிடக்கும் பிரிண்ட் வேலைகள் இங்கேதான் இருக்கும். சிதைந்த ஒன்று இருந்தால் ஸ்பூலர் எழும்போதெல்லாம் அதில் இடறி விழும். இந்த வேலைகள் நிலுவையில் இருக்கும்வரை 'டிரைவர் பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்லி விண்டோஸ் நீக்கவும் விடாது.

ஸ்பூலரை மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டு, பிரிண்டர் நிறுவனத்தின் மென்பொருளை 'ப்ரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' வழியாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஐகான் மிச்சமிருந்தால் அதையும் நீக்குங்கள். பிறகு 'டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்' பக்கத்தில் மீதமுள்ள ஏதாவது ஒரு பிரிண்டரை (எக்ஸ்பிஎஸ் ரைட்டர் போதும்) ஒருமுறை கிளிக் செய்தால், மேல் பட்டையில் 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' தெரியும். எதையும் தேர்வு செய்யாதவரை அது கண்ணில் படாது என்பதால் பலர் தவறவிடுகிறார்கள். அதில் 'டிரைவர்ஸ்' டேப்பில் பழைய பெயரைத் தேர்ந்து 'ரிமூவ்' அழுத்துங்கள். இரண்டு வழிகள் காட்டும். 'ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்' என்பதையே எடுங்கள். நீக்க மறுத்தால் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்த கையோடு மறுபடி முயலுங்கள். கடைசியில் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

புதியதைப் போடும்போது அவசரப்பட்டுக் கேபிளை முன்கூட்டியே செருகாதீர்கள். பல மாடல்களின் இன்ஸ்டாலர், தானே கேட்கும்போதுதான் கேபிளை எதிர்பார்க்கும். முன்பே செருகினால் விண்டோஸ் தன்னிடம் உள்ள ஏதோ ஒன்றை மாட்டிவிடும். ஜிப் ஃபைலை முழுவதும் பிரித்தெடுக்காமல் அதற்குள்ளிருந்தே செட்டப்பை ஓட்டுவதும் பாதியில் நின்றுபோகக் காரணம்.

எல்லாம் சரியாகப் போட்டும் தாள் வரவில்லையா? 'காப்பி 1' என்ற பெயரில் இன்னொரு ஐகான் இருக்கிறதா பாருங்கள். கேபிளை வேறு போர்ட்டில் செருகும்போது விண்டோஸ் அதைப் புதிய பிரிண்டராக எண்ணி யுஎஸ்பி002 என்று ஒதுக்கும். பழைய ஐகான் யுஎஸ்பி001-ஐயே பார்த்துக்கொண்டிருக்கும். 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்' உள்ளே 'போர்ட்ஸ்' டேப்பில் டிக்கை மாற்றினால் போதும். மறு இன்ஸ்டால் தேவையே இல்லை.

தாள் தாளாகப் புரியாத குறியீடுகள் கொட்டினால், பிரிண்டருக்குத் தெரியாத மொழியில் டிரைவர் பேசுகிறது என்று பொருள்: உதாரணமாக, பிசிஎல் என்ற பிரிண்டர் மொழி மட்டும் அறிந்த பிரிண்டருக்கு, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற வேறு மொழியின் டிரைவர் போட்டிருப்பார்கள். பாதியில் அறுந்த வேலையும் இப்படிச் செய்யும் என்பதால், வரிசையை அழித்து பிரிண்டரையும் ஒருமுறை அணைத்துப் பார்த்த பிறகே டிரைவரை மாற்றுங்கள்.

விண்டோஸ் 7-இல் டிவைஸ் மேனேஜர் 'கோட் 52' காட்டினால், டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை (அதை வெளியிட்டது யார் என்று காட்டும் முத்திரையை) விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். புதிய டிரைவர்கள் எஸ்எச்ஏ-2 முறையில் கையொப்பமிடப்படுகின்றன. அதைப் புரிந்துகொள்ள கேபி4474419 அப்டேட் வேண்டும். கையொப்பச் சோதனையை எஃப்8 மெனுவில் அணைத்துவைப்பது தீர்வல்ல. அடுத்த முறை கம்ப்யூட்டரை இயக்கியதும் பழைய நிலைக்கே வந்துவிடும்.

உங்கள் விண்டோஸுக்கு நிறுவனம் டிரைவரே தரவில்லை என்றால், எல்லா டிரைவரையும் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். தவறான பதிப்பையும் விளம்பரங்களையும் அவை சேர்த்தே ஏற்றிவிடும். முந்தைய விண்டோஸுக்கான அதே பிட் டிரைவர் பல நேரம் ஓடும். செட்டப் மறுத்தாலும், பிரித்தெடுத்த ஃபோல்டரில் ஐஎன்எஃப் ஃபைல் (டிரைவரை எப்படிப் போடுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஃபைல்) இருந்தால், 'ஆட் பிரிண்டர்' வழியே 'ஹேவ் டிஸ்க்' கொடுத்து அதைக் காட்டலாம். ஓடியதும் அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் எடுத்துவையுங்கள். பழைய மாடல்களின் டிரைவர்களை நிறுவனங்கள் தளத்திலிருந்து எடுத்துவிடுவது உண்டு.