மாருதி 800: ஆடுகிற வெளிக் கைப்பிடியை வீட்டிலேயே சரிசெய்வது

எங்கள் வீட்டில் ஓடுவது 2003 மாடல் மாருதி 800. 1983 கடைசியில் வந்து 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. இன்று சாலையில் பார்க்கும் எந்த 800-உம் பழைய வண்டிதான். இந்த வயதில் ஓட்டுநர் பக்கக் கதவின் வெளிக் கைப்பிடி தளர்வது சகஜம். வண்டியில் அதிகம் இழுபடுகிற கைப்பிடி அதுதானே.

ஆடுகிறது என்றதும் ஃபெவிக்விக்கையோ எம்-சீலையோ வெளியிலிருந்து அப்பிவிடாதீர்கள். கதவை அடித்துச் சாத்துகிற அதிர்ச்சியில் ஒட்டு விட்டுவிடும், போகும்போது பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டு போகும். பிற்பாடு கழற்ற வேண்டி வந்தால் நல்ல கைப்பிடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

எது ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். வேலையில் பாதி இதுதான். கைப்பிடியின் சட்டத்தை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். சட்டம் முழுவதும் அசைந்தால், உள்ளே அதைப் பிடித்திருக்கும் நட்டுகள் தளர்ந்திருக்கின்றன. சட்டம் அசையாமல், நாம் விரல்விட்டு இழுக்கிற மடல் மட்டும் தொங்கினால் ஸ்பிரிங் போயிருக்கும், அல்லது மடல் திரும்புகிற ஊசி (pin) தேய்ந்திருக்கும். அதற்குக் கைப்பிடியையே மாற்றுவதுதான் சரி. மடலை முழுக்க இழுத்தும் கதவு திறக்கவில்லை என்றால், கைப்பிடிக்கும் லாக்குக்கும் நடுவே இருக்கும் கம்பியின் பிளாஸ்டிக் கிளிப் கழன்றிருக்கலாம்.

மூன்றில் எதுவானாலும் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டையை, கழற்றியாக வேண்டும். கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கை நுழையாது. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பேடுக்கும் இடையில் ஒரு பழைய பனியன் துணியை நுழைத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால், உள்ளே இருக்கும் கம்பிக் கிளிப் தெறித்து வரும். எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். அப்புறம் கை வைக்கும் பிடியின் ஸ்குரூக்கள், உள் கைப்பிடியின் மூடி. பேடின் ஓரத்தில் தட்டை ஸ்குரூடிரைவருக்குத் துணி சுற்றி, கிளிப் இருக்கும் இடத்துக்கு நேராகக் கொடுத்து நெம்புங்கள். நடுவில் நெம்பினால் அட்டை கிழியும்.

பேடுக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் ஷீட் ஒட்டியிருக்கும். இதைக் கிழித்துப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பதே அதுதான். மேல் மூலையிலிருந்து மெதுவாக உரித்து, தேவையான அளவு மடக்கி வையுங்கள்.

இப்போது முழுக்கைச் சட்டை அல்லது கையுறை போட்டுக்கொண்டு கையை உள்ளே விடுங்கள். கதவுத் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும். கைப்பிடிக்கு நேர் பின்னால் இரண்டு நட்டு, பெரும்பாலும் 10-ம் நம்பர். எக்ஸ்டென்ஷன் போட்ட பாக்ஸ் ஸ்பானர் இருந்தால் சுலபம். தூத்துக்குடி உப்புக்காற்றில் இவை துருப்பிடித்து இறுகிவிடும். துருவை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் விட்டுவிட்டுத் திருப்புங்கள். நட்டு கதவுக்குள் விழாமல் இருக்க, பாக்ஸின் வாய்க்குள் துளி கிரீஸ் தடவிக்கொள்ளலாம்.

அப்படியே முடுக்கிவிட்டால் ஆட்டம் நிற்கும், ஆனால் நிலைக்காது. கம்பியின் கிளிப்பை விடுவித்து, கைப்பிடியை வெளியே எடுத்துப் பாருங்கள். தகட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் காய்ந்து சப்பையாகிப் போயிருக்கும். அதை மாற்றுங்கள், ஸ்பிரிங் வாஷர் புதிதாகப் போடுங்கள். போல்ட் இறங்கும் பிளாஸ்டிக்கில் விரிசல் தெரிந்தால் மட்டும் வேறு கைப்பிடி வாங்குங்கள். சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் தேடலாம். பழையது வாங்குவதானால் மடலை இழுத்துவிட்டு, ஸ்பிரிங் தானாகத் திரும்புகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது இரண்டு நட்டையும் கையால் ஓட்டிவிட்டு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ரப்பர் அமுங்கி, ஆட்டம் நின்றதும் போதும். பிளாஸ்டிக் பலத்தைத் தாங்காது. கம்பியை மாட்டிய பிறகு மடலில் கடுகளவு தளர்ச்சி இருக்க வேண்டும். கம்பி விறைப்பாக நின்றால் லாக் முழுக்க விழாது. ஓடுகிற வண்டியில் அது ஆபத்து.

கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். கதவு திறந்தபடியே இருக்கட்டும். லாக்கின் நாக்கை ஸ்குரூடிரைவரால் தள்ளிப் பூட்டிய நிலைக்குக் கொண்டுபோங்கள். வெளிக் கைப்பிடியை இழுங்கள். நாக்கு விடுபட வேண்டும். உள் கைப்பிடியிலும் இதையே செய்யுங்கள். இரண்டும் சரியாக வந்தால்தான் கதவைச் சாத்தலாம். கம்பி சரியாக மாட்டாமல் சாத்திவிட்டால், பூட்டிய கதவில் பேடைக் கழற்றுவது பெரும்பாடு.

கதவு திறந்திருக்கும்போதே அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் குச்சியால் குத்தி மண்ணை எடுத்துவிடுங்கள். பாலித்தீன் ஷீட்டின் பசை பிடிக்கவில்லை என்றால் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டி, பேடை மாட்டுங்கள். புது ரப்பர் போட்டிருந்தால் சில வாரங்களில் அது அமுங்கும். கைப்பிடியை மறுபடி அசைத்துப் பார்த்து, லேசாக ஆடினால் பேடைத் திறந்து இன்னொரு முடுக்கு கொடுங்கள்.