45-70 ரைபிளுக்கு முதலில் தண்ணீர், கடைசியில் எண்ணெய்

கருமருந்து, அதாவது புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து, அடைத்த தோட்டா சுட்ட ரைபிளை அன்றைக்கே கழுவிவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே உறைக்குள் போட்டு வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. 1870களில் செய்த குழல் இன்றைக்கும் உள்ளே பளபளவென்று இருக்கிறதென்றால், அது கைமாறிய ஒவ்வொருவரும் சுட்ட அன்றே கழுவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வரிசையை நாம் அறுக்கக் கூடாது.

45-70 தோட்டாவை அமெரிக்கப் படை 1873-இல் ஏற்றுக்கொண்டது. பெயரிலுள்ள 45 என்பது குழல் விட்டம், 0.45 அங்குலம். 70 என்பது 70 கிரெய்ன் கருமருந்து, அதாவது சுமார் நாலரை கிராம், அதன் பழைய அளவு. கருமருந்து எரியும்போது எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதில் ஒரு பங்கு வெள்ளைப் புகையாக வெளியே போகும், மீதி குழலின் வரிப்பள்ளங்களில், அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய பள்ளங்களில், படியும். பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள். அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரமான உப்பு இரும்பை அரிக்கும். இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் ரைபிளைத் திறந்து, தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். சுத்தம் செய்யும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

அப்புறம் எந்தப் பக்கத்திலிருந்து ராடை, அதாவது துணி மாட்டித் துடைக்கும் நீளக் கம்பியை, விடுவது என்பது. ஷார்ப்ஸ் ரக ரைபிள் வைத்திருந்தால், தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் அடைப்புக் கட்டையைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்தே நேராக விடலாம். ஸ்பிரிங்ஃபீல்டு டிராப்டோர், வின்செஸ்டர் 1886 ஆகிய ரக ரைபிள்கள் இரண்டுக்கும் குழல் வாயிலிருந்துதான் வசதி. அப்படி விடும்போது ராடு வாய் விளிம்பில் உரசாமல் இருக்க ஒரு வழிகாட்டிக் குமிழ் போட்டே ஆக வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த விளிம்பு. அது ஒருபக்கமாகத் தேய்ந்தால் குறி கெடும். அழுக்குத் தண்ணீர் விசைப்பகுதிக்குள் இறங்காதபடி அங்கே ஒரு துணியைத் திணித்து வையுங்கள்.

சாதாரணத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் சில சொட்டு போதும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவதும் பழைய வழக்கம்தான், குழல் சீக்கிரம் காயும் என்பார்கள். ஆனால் சூடான இரும்பில் அந்தக் கணமே மெல்லிய துருப் படலம் வந்துவிடும். அதனால் நான் கொதிநீர் பக்கம் போவதில்லை. துணித்துண்டை நனைத்து முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள், அழுக்கானதை எறிந்துவிட்டுப் புதிதை எடுங்கள். முதல் துண்டு கன்னங்கரேலென்று வரும், கூடவே அழுகிய முட்டை வாடை. போகப்போகச் சாம்பல் நிறமாகி வெளுக்கும். வெளுக்கும்வரை நிறுத்தக் கூடாது. தோட்டா அறையையும் அடைப்புக் கட்டையின் முகத்தையும் தனியாகத் துடையுங்கள். பலர் குழலோடு நிறுத்திவிடுகிறார்கள், துரு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அவசரப்பட்டு முதலிலேயே கனிம எண்ணெய் போடாதீர்கள். கருமருந்துக் கரியோடு சேர்ந்து அது தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். இன்றைய புகையில்லா வெடிமருந்துக்கென்று விற்கும் கரைப்பான்கள் செப்புப் படிவை நன்றாக எடுக்கும், ஆனால் உப்பை நம்பி அவற்றிடம் விட முடியாது.

உலர்ந்த துணி சுத்தமாக வெளியே வரும்வரை துடைத்த பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வரிப்பள்ள ஓரங்களில் மங்கலான சாம்பல் கோடுகள் தெரிந்தால் அது குண்டிலிருந்து ஒட்டிய ஈயம். எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, 45 அளவு வெண்கலப் பிரஷ்ஷை மறுமுனை தாண்டும்வரை தள்ளி, பிறகு திரும்ப இழுங்கள். நடுக்குழலில் திசை மாற்றாதீர்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயம் உடம்புக்குள் போகக் கூடாத பொருள்.

துரு பிடிக்காமல் காக்கும் எண்ணெய் கடைசியில்தான், அதுவும் மெல்லிய பூச்சாக.

சுட்ட பித்தளைக் கூடுகளுக்கும் அதே அவசரம் உண்டு. கரியோடு கிடந்தால் பித்தளை கறுத்துப் பச்சை பூத்து, பிறகு குழி விழும். சுடும் இடத்துக்கே மூடி போட்ட ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் கொண்டுபோய், சுட்ட கூட்டை உடனே அதில் போட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும், கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான ப்ரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, அதன் குழியையும் தேய்த்து அலசிக் காயவைக்கிறேன். அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. பக்கத்துக் குதிரை லாயங்களிலிருந்து வந்த அம்மோனியாவும் ஈரமும், பித்தளைக்குள் மிஞ்சியிருந்த இழுவிசையும் சேர்ந்ததுதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். கூட்டின் வாயோரத்தில் மயிரிழைக் கீறலோ, அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையமோ தெரிந்தால் அந்தக் கூட்டை நசுக்கி எறிந்துவிடுங்கள்.

மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலுக்குள் ஓட்டிப் பாருங்கள். பழுப்பு நிறம் ஒட்டியிருந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.