பின் ஷொக் வாங்கப் போகுமுன்: பழைய பைக்கில் காசு வீணாகும் இடங்கள்

கிண்ணியாவிலிருந்து திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் நானாவிடம் ஒரு பழைய பஜாஜ் சீரி 100 (CT 100) பைக் இருக்கிறது. சீற்றுக்குப் பின்னால் ஒரு பலகை, பலகைக்கு மேல் ரெஜிபோம் பெட்டி. ஹோர்ன் அடித்தால் ஆட்களுக்கு முன்னால் பூனைகள் வந்து நிற்கும். கொஞ்ச நாளைக்கு முன், பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷொக் இரண்டையும் கழற்றிவிட்டு, கடையில் இருந்ததிலேயே தடித்த கம்பி ஸ்பிரிங் உள்ள சோடியைப் பார்த்து வாங்கிப் பூட்டினார். இரண்டு வாரம் கழித்து, “புதுசு போட்டதிலிருந்து இடுப்பு விட்டுப்போகுது தம்பி. பழசே பரவாயில்ல போல” என்றார்.

குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் படி வளையம் ஐந்தாவது படியில், அதாவது ஆக இறுக்கமான இடத்தில் நின்றது. காலையில் ஐஸும் மீனுமாகப் பெட்டி நிறைந்திருக்கும்போது சரி. பத்து மணிக்கு மீன் முடிந்துவிடும். வெறும் பெட்டியோடு சீனக்குடாப் பக்கமாகத் திரும்பிப் போகும்போது வழியிலுள்ள பள்ளமெல்லாம் நேராக அவருடைய முள்ளந்தண்டுக்குத்தான்.

ஷொக் மாற்றுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்குவது இறுக்கத்தைத்தான். வண்டி பின்னால் தொய்கிறது, ஆடுகிறது, பள்ளத்தில் ‘டொக்’ என்று இடிக்கிறது என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: இன்னும் ஹார்டான ஷொக். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய பைக்கை விற்காமல் வைத்து ஓட்டப் பழகியவர்கள் நிறைய. அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. நான் மெக்கானிக் இல்லை. என் ஹொண்டா சீடி 125இல் காசைக் கரியாக்கிப் படித்தவன், அவ்வளவுதான்.

அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். நிலாவெளி வீதி வளைவுகளில் என் வண்டியின் பின்பக்கம் மீன் வால்போல மெல்ல ஆடியது. ஒரு கராஜில் காட்டினேன். ஏறி உட்கார்ந்து இரண்டு தரம் அமுக்கிவிட்டு, ஷொக் போய்விட்டது என்றார்கள். புதுச் சோடி பூட்டி வந்த அன்று பின்னேரமே அதே வளைவில் அதே ஆட்டம். பிறகுதான் வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பார்த்தேன். சக்கரம் மட்டும் அசைந்தால் பெயாரிங். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஸ்விங் ஆமும் சேர்ந்து அசைந்தால், அது சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள புஷ் என்ற குழாய்த் துண்டு. எனக்கு ஆமும் சேர்ந்தே அசைந்தது. கழற்றியபோது உள்ளே கிறீஸ் என்று ஒரு சொட்டுக்கூட இல்லை. சிவப்புத் துரு பொடியாக உதிர்ந்தது. வட்டமாக இருக்க வேண்டிய புஷ் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. புதுப் புஷ்ஷுக்கும் கூலிக்குமாகச் சேர்த்து, ஷொக் சோடிக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட வரவில்லை.

ஆகவே ஷொக்கைக் குற்றம் சொல்லுமுன் டயர் காற்று, சக்கர பெயாரிங், ஸ்விங் ஆம் புஷ் மூன்றையும் பாருங்கள். டயரில் காற்றைக் கூட்டி வைத்துக்கொண்டு “ஷொக் ஹார்ட்” என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி வேறென்ன சொல்வது.

ஷொக்குக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே ஒயிலுக்குள் ஓடும் பிஸ்டன், அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழாமல் பிடித்து வைக்கிறது. பழைய ஷொக்கில் பெரும்பாலும் போவது இந்த இரண்டாவதுதான். சீற்றின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் நன்றாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். எழும்பி அப்படியே நின்றால் ஒயில் வேலை செய்கிறது. இரண்டு மூன்று தரம் குதித்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஷொக்குக்குள் போய்வரும் தண்டில் ஒயில் ஈரமும் அதில் ஒட்டிய மண்ணும் தெரிந்தால் சோதனைகூட வேண்டாம். ஒயில் போன ஷொக்குக்கு இன்னும் கட்டியான ஸ்பிரிங் போட்டால், அது இன்னும் பலமாகத் துள்ளும். கட்டுப்படுத்த ஆள் இல்லாத இடத்தில் முரட்டு மாட்டைக் கொண்டுபோய் விட்ட கதைதான்.

படி வளையத்துக்கு வருவோம். அதை இறுக்கினால் ஸ்பிரிங் ஹார்டாகிறது என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். ஆகாது. சீரான சுற்றுள்ள ஸ்பிரிங்கை ஒரு சென்ரிமீற்றர் அமுக்க எவ்வளவு பாரம் வேண்டுமோ, முதலாம் படியிலும் ஐந்தாம் படியிலும் அதே பாரம்தான். வளையம் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை. உயரம் சரியாக இருந்தால்தான் சக்கரத்துக்கு மேலே ஏறவும் இடம் இருக்கும், பள்ளத்துக்குள் இறங்கவும் இடம் இருக்கும். ஆக இறுக்கிவிட்டால் கீழே இறங்க இடம் இல்லை. பள்ளம் வந்ததும் சக்கரம் தொங்கிப்போய் ‘டக்’ என்று தட்டும். நானாவின் இடுப்புக்கு வந்த வினை அதுதான்.

சரி, உயரத்தை எப்படி அளப்பது? ஒரு டேப்பும் கூட ஒருவரும் போதும். பின் அச்சிலிருந்து நேர் மேலே, சட்டத்திலோ மட்காட்டிலோ ஒரு புள்ளியைக் குறியுங்கள். வண்டி டபுள் ஸ்டாண்டில், சக்கரம் தொங்கும்போது ஒரு அளவு. ஸ்டாண்டை எடுத்து வெறும் வண்டி நிற்கும்போது இரண்டாவது. நீங்கள் ஏறி, இரண்டு காலும் பெடலில் இருக்க, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள மூன்றாவது. புஷ்களின் பிடிப்பு அளவை ஏமாற்றும். அதனால் ஒருதரம் அமுக்கி மெதுவாக எழவிட்டும், இன்னொரு தரம் தூக்கி மெதுவாக இறங்கவிட்டும் அளந்து நடுவை எடுங்கள்.

என் வண்டியில் தொங்கும்போது 500 மில்லிமீற்றர், வெறுமனே நிற்கும்போது 492, நான் ஏறியதும் 458. அதாவது என் பாரத்தில் 42 மில்லிமீற்றர் இறங்குகிறது. சக்கரம் ஓடக்கூடிய தூரமே 80தான். ஆள் ஏறியதும் மொத்த ஓட்டத்தில் நாலில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை இறங்கினால் போதும், அதாவது 20 முதல் 27 வரை. நான் புறப்படுமுன்பே பாதிக்கு மேல் செலவாகிவிட்டது. வளையத்தை ஆக மேலே ஏற்றிப் பார்த்தேன். 32 ஆனது, ஆனால் வெறும் வண்டி துளிகூட இறங்கவில்லை. இந்த இடத்தில்தான் பலர் குழம்புவார்கள். வெறும் வண்டி இறங்காமல் விறைத்து நின்றால் ஸ்பிரிங் ஹார்ட் என்று தோன்றும். உண்மை நேர்மாறு: மெலிந்த ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருக்கிறோம். ஆள் ஏறிய அளவு சரியாக வந்தபின் வெறும் வண்டி 5 முதல் 10 வரை தானாக இறங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருத்தம். அதைவிட நிறைய இறங்கினால்தான் ஸ்பிரிங் கூடிய கட்டி. வண்டியைச் செய்த ஜப்பான்காரர் மனதில் வைத்த ஆள் 88 கிலோ இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

கட்டியான ஸ்பிரிங் வேண்டும் என்று தெரிந்த பிறகும் அளவோடு போக வேண்டும். கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு ஏற்ப வலு கூடுகிறது. 7 மில்லிமீற்றர் கம்பி 7.5 ஆனால், மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருந்தாலும், ஏறக்குறைய 30 வீதம் கட்டி. கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீற்றர். கடையில் கைப்பிடியாகப் பார்த்து “இது கொஞ்சம் தடிப்பு” என்று வாங்குவது ஏன் ஆபத்து என்று இப்போது தெரியும். ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டி எடுப்பதும் இதே வகைதான். வேலை செய்யும் சுற்று பத்திலிருந்து எட்டானால் கால்பங்கு கட்டியாகும், உயரமும் குறையும். வெட்டிய முனை தட்டையாக உட்காராமல் தண்டை ஒருபக்கம் தள்ளி ஒயில் சீலைத் தின்னும். காஸ் விளக்கால் சூடாக்கி ஸ்பிரிங்கை இறக்கும் வித்தையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வேறு வண்டியின் ஷொக்கைப் பூட்டுவது மலிவான வழி, தப்பில்லை. ஆனால் மேல் ஓட்டை நடுவிலிருந்து கீழ் ஓட்டை நடுவரை நீளம், போல்ட் விட்டம், புஷ் அகலம், கீழ் முனை வளையக் கண்ணா, இரண்டாகப் பிரிந்த கவையா என்று நாலையும் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சிலர் பின்பக்கம் உயர்ந்தால் அழகு என்று 30 மில்லிமீற்றர் கூடிய ஷொக் போடுவார்கள். அப்புறம் பாருங்கள். டபுள் ஸ்டாண்டில் விட்டாலும் சக்கரம் நிலத்தைவிட்டு எழாது. சைட் ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மீறிச் சாயும். செயின் ஸ்விங் ஆமின் மேல் உரசும். ஹெட் லைட் நிலத்தைப் பார்க்கும். ஹேண்டில் எதிர்பாராத அளவுக்குச் சட்டென்று திரும்பும். குட்டையானதைப் போட்டால் பாரத்தோடு டயர் மட்காட்டில் இடிக்கும். பத்து மில்லிமீற்றருக்குள் நிற்பது நல்லது.

காஸ் டப்பா ஒட்டிய மலிவான ஷொக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சிவப்பும் தங்கமுமான டப்பாக்களில் சில வெறும் அலங்காரம், ஷொக்கோடு துளைத் தொடர்பே இருக்காது. உண்மையில் காஸ் உள்ளதென்றால் அது அதிக அழுத்தத்தில் அடைத்த நைதரசன். பார்ப்போமே என்று துளைபோடுவதும் வீட்டில் கழற்றுவதும் கண்ணுக்கும் கைக்கும் கேடு.

பழைய ஜப்பான் ஷொக்கை லேத்தில் வெட்டிப் பிரித்து, சீல் மாற்றி, ஒயில் ஊற்றித் தரும் வேலை நல்ல கையில் அருமையான வேலை. கூட நின்று இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். ஒன்று, ஊற்றுவது என்ன ஒயில். மீதமிருந்த 20டபிள்யூ-50 என்ஜின் ஒயிலை ஊற்றினால், கார்பெட் வீதியில் சொகுசாக இருக்கும். கிறவல் வீதியில் அந்தத் தடித்த ஒயில் சிறு துளைகளால் வேகமாகப் போக முடியாமல் ஷொக் இரும்புக் கம்பியாகிவிடும். 10டபிள்யூ போர்க் ஒயிலில் தொடங்கலாம். இரண்டு, எவ்வளவு. தண்டு உள்ளே வரும்போது அது பிடிக்கும் இடத்துக்காக மேலே கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். கூட இருந்தால் நல்லது என்று கழுத்துவரை நிரப்பினால், முதல் பெரிய பள்ளத்திலேயே சீல் பிய்த்துக்கொள்ளும். வெளியே வந்ததை அளந்து அதே அளவு ஊற்றுவதும் சரிவராது, ஒழுகியது போக மீதிதான் அது. காற்றுக்கு இடம் விட்டு ஊற்றச் சொல்லுங்கள்.

பழையது வாங்கினால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள். ஒரே வேகத்தில் எழ வேண்டும். ஒன்று முந்தினால் சோடி இல்லை. ஒற்றை ஷொக் மாற்றுவதும் அதேபோலத்தான், ஸ்விங் ஆம் முறுக்கிக்கொண்டே ஓடும். சாதாரண ஒயில் ஷொக்கை உடல் கீழே, தண்டு மேலே இருக்கும்படி பூட்டுங்கள். தலைகீழானால் பிஸ்டன் ஒயிலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும். வீட்டில் மாற்றுகிறவர்கள் ஒருநேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் சக்கரம் விழுந்து தொல்லை தராது.

பூட்டியதும் செயின் தளர்வைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பின் உயரம் மாறினால் தளர்வும் மாறும். ஆள் ஏறியிருக்க, செயின் ஆக இறுகும் நிலையில் கொஞ்சமாவது தளர்வு இருக்க வேண்டும். ஹெட் லைட்டையும் சுவரில் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக எங்கள் ஊருக்கே உரிய ஒன்று. டச்சுக் குடாப் பக்கம், உப்புவெளி, நிலாவெளி என்று கடலோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு வாடைக் காற்று மாதங்களில் உப்பு தண்டின் குரோமில் ஊசிமுனை அளவுப் புள்ளி போடும். அந்தப் புள்ளி ஒவ்வொரு அமுக்கத்துக்கும் சீலின் உதட்டை அரம்போல அராவும். புதுச் சீல் போட்டும் மூன்று மாதத்தில் ஒயில் வழிவது பெரும்பாலும் இதனால்தான். தண்டைக் கழுவவும் துடைக்கவும் பெரிய சாமான் வேண்டாம். நல்ல தண்ணீரும் பழைய துணியும் போதும். மீன் பெட்டி கட்டுபவர்களுக்கு இது இரட்டிப்பு. உருகிய ஐஸ் தண்ணீர் உப்போடு நேராக ஷொக்கின் மேல்தான் சொட்டுகிறது. நானாவின் பெட்டிக்கு அடியில் ஓட்டை போட்டு, பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகித் தண்ணீர் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் விழும்படி செய்தோம். வளையத்தை மூன்றாம் படிக்கு இறக்கியாயிற்று. நிறைந்த பெட்டிக்கு ஒரு படி, வெறும் பெட்டிக்கு ஒரு படி என்று ஒரு நாளைக்கு இரண்டு தரம் மாற்றச் சொன்னால் அவர் என்னைத்தான் பெட்டிக்குள் போடுவார்.