ஸ்க்ரிவனரில் காணாமல் போன அத்தியாயங்களை மீட்ட விதம்

நாவல் போன்ற நீண்ட படைப்புகளை எழுத உதவும் மென்பொருள் ஸ்க்ரிவனர். அதில் மடிக்கணினியில் எழுதிய அத்தியாயங்கள், மேசைக் கணினியில் அதே புராஜெக்டைத் திறந்தபோது பைண்டரில், அதாவது அத்தியாயங்களும் காட்சிகளும் வரிசையாகத் தெரியும் பக்கப்பட்டியலில், இல்லை. எழுத்து அழியவில்லை. ஸ்க்ரிவனர் புராஜெக்ட் ஒரே கோப்பு அல்ல, ஒரு ஃபோல்டர். ஒவ்வொரு காட்சியும் டேட்டா ஃபோல்டருக்குள் தனித்தனி ஆர்டிஎஃப் (RTF) உரைக் கோப்பாகக் கிடக்கும். எது எந்த வரிசையில் வரும் என்பது ஸ்க்ரிவ்எக்ஸ் (.scrivx) கோப்பில் இருக்கும். இரு கணினிகளுக்கும் இடையே இணையம் வழியாகக் கோப்புகளை ஒத்திசைக்கும் கிளவுட் சிங்க் பாதியில் நின்றதால் காட்சிகள் வந்துவிட்டன, ஸ்க்ரிவ்எக்ஸ் மட்டும் பழையது.

இந்த நிலையில் மேசைக் கணினியில் ஓர் எழுத்துகூடத் தட்டக் கூடாது. புராஜெக்டை மூடி, ஃபோல்டரை முழுதாக வேறிடத்துக்கு நகலெடுத்தேன். பிறகு மடிக்கணினியில் 'பேக்கப் டூ' கொடுத்து, ஜிப்பாகச் சேமித்து, பென் டிரைவில் கொண்டுவந்து விரித்துத் திறந்ததும் எல்லாம் வரிசையாக இருந்தன.

மடிக்கணினி கையில் இல்லையென்றால், டேட்டா ஃபோல்டரைத் திருத்திய தேதிப்படி அடுக்குங்கள். நீளமான எழுத்தும் எண்ணுமாகப் பெயருள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'கன்டென்ட்' என்ற ஆர்டிஎஃப் கோப்பு இருக்கும். அதைப் பைண்டருக்குள் இழுத்துப் போடலாம். கதைச்சுருக்கமும் ஓரக் குறிப்புகளும் தனிக் கோப்புகளில் இருப்பதால் கூடவே வராது. அவற்றைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும், பொறுமை தேவை.

புராஜெக்டை மூடும்போது ஸ்க்ரிவனர் தானாக எடுக்கும் பேக்கப்களில் கடைசிச் சிலவற்றையே வைத்திருக்கும்; ஆப்ஷன்ஸில் அந்த எண்ணிக்கை இயல்பாக 5. பழுதான புராஜெக்டை ஐந்து முறை திறந்து மூடினாலே நல்ல நகல் வெளியே தள்ளப்பட்டுவிடும். அதை 25 ஆக்கி, பேக்கப் இடத்தையும் சிங்க் ஃபோல்டருக்கு வெளியே மாற்றிவிட்டேன். புராஜெக்டை மூடியபின் சிங்க் முழுதாக முடியும்வரை கணினியை அணைப்பதில்லை.