பேஸ் கிட்டாரில் முதல் ஸ்கேல்: சங்கராபரணத்திலிருந்து தொடங்கலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில் பஜனை பாடி வளர்ந்த பலருக்குச் சரிகமபதநி காதிலேயே இருக்கிறது. ஆயினும் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்ததும் அதை மறந்துவிட்டு, எந்தத் தந்தியில் எந்த எண் என்பதை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். ஸ்வரத்தைச் சொல்லிக்கொண்டே வாசிப்பதுதான் நல்லது.

முதலில் ஸ்ருதி சேருங்கள். தடித்த தந்தியிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி. ஒரு தந்தியை ஐந்தாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளால் பிரிந்த கட்டம்) அழுத்தினால், அடுத்த தந்தியை அழுத்தாமல் மீட்டும் ஒலியே கேட்க வேண்டும். ஈ தந்தியின் அதிர்வு விநாடிக்குச் சுமார் 41 மட்டுமே என்பதால் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அது சரியாகக் கேட்காது, ஹெட்போன் அணிந்துகொள்ளுங்கள்.

ஒரு ஃப்ரெட் என்பது அரை ஸ்வரம். மேஜர் ஸ்கேல் என்ற ஸ்வர வரிசையின் இடைவெளிகள் 2, 2, 1, 2, 2, 2, 1 ஃப்ரெட்டுகள். இவை கர்நாடக இசையின் 29ஆம் மேளமான (தாய் ராகமான) தீரசங்கராபரணத்தின் ஸ்வரத்தானங்களே. கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) இல்லாததால் இதை ராகம் என்று சொல்ல முடியாது.

இனி விரல்கள். ஏ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் நடுவிரலை வைத்தால் அது ச. ஐந்தாம் ஃப்ரெட்டில் சுண்டுவிரலால் ரி. டி தந்தியில் 2, 3, 5 ஆகிய ஃப்ரெட்டுகளில் க, ம, ப. ஜி தந்தியில் 2, 4, 5 ஆகியவற்றில் த, நி, மேல் ச. ஃப்ரெட் கம்பியின் மேல் அல்லாமல் அதற்குச் சற்று முன்பாக அழுத்தினால் தந்தி இரையாது. மெட்ரோநோமை (தாளத் தட்டு தரும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரமாக, வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி மீட்டுங்கள்.

இந்த வடிவம் அப்படியே நகரும் என்பதே பேஸின் பெரிய வசதி. பாடுபவர் ஒரு கட்டை ஸ்ருதியிலிருந்து இரண்டு கட்டைக்குப் போனால், நீங்கள் கையை இரண்டு ஃப்ரெட் மேலே (கிட்டாரின் உடல் பக்கமாக) நகர்த்தினால் போதும். புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

வெறும் ஏறுவரிசை இறங்குவரிசையில் சலிப்பு வரும் (எனக்கு இரண்டாம் நாளே வந்தது). அப்போது ஜொஹானஸ்பர்க் குடியிருப்புகளில் பிறந்த மராபி இசையின் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கார்டுகள் (ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) வழக்கமாக ச, ம, ச, ப என்று சுழலும். ஆனால் மூன்றாவது இடத்தில் கார்டு ச-வுக்குத் திரும்பினாலும் பேஸ் ப-விலேயே நிற்கும். ஆகவே நீங்கள் வாசிப்பது ச, ம, ப, ப. ம என்பது ச இருக்கும் அதே ஃப்ரெட்டில், அடுத்த மெல்லிய தந்தியில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே ப. ஒவ்வொன்றையும் நான்கு தட்டு வாசியுங்கள்.

இது கைக்கு வந்தபின் மைனர் ஸ்கேலுக்குச் செல்லலாம்: க, த, நி மூன்றையும் ஒரு ஃப்ரெட் இறக்கினால் நடபைரவி ராகத்தின் ஸ்வரங்கள் கிடைக்கும். அங்கே ச-வைச் சுட்டுவிரலால் தொடங்குங்கள்; இல்லையேல் கை எட்டாது.